உள்ளே போன எடை எவ்வளவு, வெளியே வந்த எடை எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளாஸ்டிக் கழிவிலிருந்து டீசல் எடுத்த கல்லூரி மாணவர்கள், பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா, பழைய பாட்டிலை மூலப்பொருளாகவே திருப்பித் தரும் புதிய வினையூக்கி என்று தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. படத்தில் ஓர் இரும்பு டிரம், அதிலிருந்து கிளம்பும் ஒரு குழாய், குழாய் முனையில் கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் பழுப்புத் திரவம். இந்தச் செய்திகள் பொய் அல்ல. பாலித்தீனைக் காற்றுப் படாமல் 450 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், யார் சூடாக்கினாலும் எண்ணெயும் மெழுகும் வரத்தான் செய்யும். பிளாஸ்டிக்கை உடைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எதைப் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள், என்னென்ன வந்தன, ஒவ்வொன்றும் எத்தனை கிராம், வந்ததில் எவ்வளவு மறுபடியும் பிளாஸ்டிக் ஆகும் என்பவைதான் இன்றைய ஆய்வுக் கேள்விகள். செய்தியில் இந்தக் கணக்குதான் விட்டுப்போகிறது. 1996-இல் மூலிகை பெட்ரோலுக்குக் கைதட்டிய நாடு நம்முடையது. தராசைக் கேட்காமல் வியப்பதால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததல்ல.

முதலில் பெயரில் உள்ள குழப்பம். பிளாஸ்டிக் என்று ஒரே பொருள் இல்லை. வேதியியல் மறுசுழற்சி என்ற கோணத்தில் பார்த்தால் அதை இரண்டு சாதியாகப் பிரித்துவிடலாம். தண்ணீர் பாட்டில், பாலியஸ்டர் துணி, நைலான் வலை, சோபாவில் உள்ள பாலியூரித்தேன் நுரை ஆகியவற்றின் சங்கிலியில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு முறை ஆக்சிஜனோ நைட்ரஜனோ கொண்ட இணைப்பு இருக்கும். தண்ணீர், மெத்தனால், கிளைக்கால் போன்ற ஒரு சிறு மூலக்கூறு அந்த இணைப்புக்குள் புகுந்து சங்கிலியைச் சரியாக அந்த இடத்தில் வெட்டும். வெட்டினால் கிடைப்பது பழைய மூலப்பொருள். பால் பாக்கெட், கேரி பேக், பக்கெட், பாட்டில் மூடி எல்லாம் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அந்தச் சங்கிலி முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்புதான். வெட்டுவதற்கென்று பலவீனமான இடம் எதுவும் இல்லை. சூட்டை ஏற்றினால் கண்ட கண்ட இடத்தில் அறுந்து, மீத்தேன் முதல் கெட்டி மெழுகு வரை நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து வரும். ஆகவே ‘பிளாஸ்டிக்கை மூலப்பொருளாக மாற்றினார்கள்’ என்ற வரியைப் பார்த்ததும் எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டாக வேண்டும்.

முதல் சாதியில் எல்லோருக்கும் தெரிந்தது பெட் (PET), தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் செய்யும் பிளாஸ்டிக். கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் செய்யப்படும் வினை அதன் கிளைக்காலிசிஸ், அதாவது கிளைக்காலால் சங்கிலியை வெட்டுவது. இந்த ஒரு வினையை அடியிலிருந்து முடிவரை பார்த்தாலே, செய்தியில் விட்டுப்போவது என்ன என்று புரிந்துவிடும்.

பாட்டிலின் மூடி, கழுத்து வளையம், லேபிள் மூன்றையும் நீக்கிவிட்டு, 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். 80 டிகிரி வெந்நீரில் 2 சதவீத காஸ்டிக் சோடாவும் கொஞ்சம் சோப்பும் கலந்து கழுவினால் பசையும் எண்ணெயும் போகும். தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும், அதன் அடர்த்தி 1.38. மூடித் துண்டுகள் மிதக்கும். ஆனால் சில பாட்டில்களை இறுக்கமாகச் சுற்றியிருக்கும் சுருங்கு லேபிள் பிவிசியாக இருந்தால், அதுவும் ஏறக்குறைய அதே அடர்த்திதான், பெட்டுடன் சேர்ந்தே மூழ்கிவிடும். அதனால் லேபிளை வெட்டுவதற்கு முன்பே உரித்துவிட வேண்டும், வெட்டியபின் தண்ணீரில் போட்டுப் பிரிக்க வழியில்லை. கழுவிய துண்டுகளைச் சூட்டு அடுப்பில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் கிளைக்காலுடன் தண்ணீரும் சங்கிலியை வெட்டி, அமில முனைகளை விட்டுவைக்கும்.

மூன்று கழுத்துக் குடுவையில் 50 கிராம் பெட், 200 கிராம் எத்திலீன் கிளைக்கால், 0.5 கிராம் துத்தநாக அசிட்டேட். ஒரு கழுத்தில் ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் ரீஃப்ளக்ஸ் கண்டன்சர், ஒன்றில் வெப்பமானி, ஒன்றில் நைட்ரஜன். கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி. 190-க்கும் 196-க்கும் இடையில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். துண்டுகள் மேற்பரப்பிலிருந்து மெலிந்து மெலிந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் காணாமல் போய்விடும். சூடாக இருக்கும்போதே அதைக் கொதிநீரில் கொட்டி வடிகட்டினால், வினை புரியாத பெட்டும் முழுதாக வெட்டுப்படாத ஒலிகோமர்களும் வடிதாளில் தங்கும். வடிநீரை 4 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் வெள்ளை ஊசிகளாகப் படிகம் இறங்கும். அதுதான் பிஹெச்இடி எனப்படும் மோனோமர், அதாவது சங்கிலியை மறுபடி கோக்க உதவும் தனி அலகு. வடிகட்டி, 60 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்தி, உருகுநிலை பார்த்தால் 110 டிகிரியை ஒட்டிக் கூராக இருக்க வேண்டும். முன்பே உருகத் தொடங்கி இழுத்துக்கொண்டு போனால் இன்னும் ஈரமோ கிளைக்காலோ இருக்கிறது என்று பொருள்.

இப்போது கணக்கு. 50 கிராம் பெட் முழுதும் மோனோமராக மாறினால் 66 கிராம் வர வேண்டும். 16 கிராம் கிளைக்கால் அதற்குள் போய்ச் சேர்வதால் எடை கூடுகிறது. உண்மையில் கையில் கிடைப்பது அதற்குக் குறைவாகவே இருக்கும். ஆனால் செய்தியில் வருவது ‘100 சதவீதம் மாற்றம்’. இரண்டும் உண்மை. குடுவையில் பெட் துண்டு எதுவும் மிஞ்சவில்லை என்பதால் மாற்றம் 100. படிகமாகக் கைக்கு வந்தது 75 என்றால் விளைச்சல் 75. மீதி எங்கே? இரண்டு அலகு சேர்ந்த டைமராக ஒரு பங்கு, குளிர்ந்த நீரில் கரைந்தே இருந்துவிட்டது ஒரு பங்கு. இன்னும் நாலு மணி நேரம் சூடாக்கினால் விளைச்சல் ஏறும் என்று பலர் செய்து பார்ப்பார்கள், ஏறாது. மோனோமரும் டைமரும் சமநிலையில் இருக்கின்றன. கிளைக்காலைக் கூட்டினால்தான் மோனோமர் பக்கம் சாயும். நேரத்தைக் கூட்டினால் கிளைக்கால் மூலக்கூறுகள் தங்களுக்குள் சேர்ந்து டைஎத்திலீன் கிளைக்கால் ஆகும். அது புதிய பெட்டின் சங்கிலிக்குள் நுழைந்து உருகுநிலையை இறக்கிவிடும். மாற்றம், விளைச்சல் என்ற இரு சொற்களையும் ஒன்றாக்கி எழுதுவதுதான் இத்துறைச் செய்திகளில் அதிகம் காணும் பிழை. செய்தியாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கல்லூரிகள் அனுப்பும் பத்திரிகைக் குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த கணக்கு தண்ணீர். 50 கிராம் பெட்டுக்கு 400 மில்லி வெந்நீர் ஊற்றியிருந்தால், கிலோவுக்கு 8 லிட்டர். அந்த நீரில் மிஞ்சிய கிளைக்கால் 184 கிராம் கரைந்து கிடக்கிறது, விலை உள்ள பொருள், சாக்கடையில் விடவும் கூடாது. அதை மீட்க நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல். 8 கிலோவுக்கு 18 மெகாஜூல், அதாவது 5 யூனிட் மின்சாரம். ஒரு கிலோ பாட்டிலை மீட்க நீரைக் காய்ச்சவே 5 யூனிட்! ஆலைகள் அதனால்தான் நீரைத் தவிர்த்து, கிளைக்காலை வெற்றிடத்தில் வடித்தெடுத்து, மோனோமரைக் கிளைக்காலிலிருந்தே படிகமாக்கவோ குறுவழி வடித்தலில் பிரிக்கவோ முயல்கின்றன. ஆய்வகச் செய்முறையை இருபதாயிரத்தால் பெருக்கினால் ஆலை வந்துவிடாது. ‘கிளைக்கால் மீட்புக்கு என்ன செய்தீர்கள்’ என்ற ஒரு கேள்வி போதும், திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

துத்தநாகமும் அப்படித்தான். வினையூக்கி வினையில் செலவாகாது என்று பள்ளியில் படித்ததை வைத்து அதை மறந்துவிடுகிறார்கள். அது மோனோமருடன் ஒட்டிக்கொண்டு வரும். அயனிப் பரிமாற்ற ரெசினில் ஓட்டி எடுக்காவிட்டால், மறுபடி பாலிமர் ஆக்கும்போது நிறம் மஞ்சளாகும். பச்சைப் பாட்டில், நீலப் பாட்டிலின் சாயத்தைக் கிளர்வூட்டிய கரி ஓரளவு பிடிக்கும், முழுதாக அல்ல. பழைய பெட்டில் ஏற்கெனவே ஆன்டிமனி வினையூக்கி பத்து லட்சத்துக்கு இருநூறு முந்நூறு பங்கு என்ற அளவில் இருப்பது தனிக் கதை.

இவ்வளவையும் நிறமில்லாத தண்ணீர் பாட்டிலை வைத்துச் செய்து காட்டுவதில்தான் எங்களுக்கு மனத்தாங்கல். நிறமில்லாத பாட்டிலுக்கு வேதியியல் தேவையே இல்லை. அதைப் பழைய இரும்புக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். கழுவி, உருக்கி, திடநிலையில் சங்கிலியை நீட்டி, மறுபடி பாட்டிலாகவோ நூலாகவோ ஆக்கும் தொழில் நாட்டில் நன்றாகவே ஓடுகிறது. வேதியியல் வேண்டியது வேறு இடத்தில்: சாயமேற்றிய பாலியஸ்டர் துணி, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த பாலிகாட்டன், பழத்தட்டு, பல அடுக்குப் பெட். திருப்பூரையும் ஈரோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் கல்லூரிகள் ஏன் பாட்டிலையே வெட்டிக்கொண்டிருக்கின்றன என்பது புரியவில்லை. பாலிகாட்டன் வெட்டுத்துணியைக் கிளைக்காலில் போட்டால் பாலியஸ்டர் கரைந்து பருத்தி நாராக மிஞ்சும், அழகான பிரிப்பு. ஆனால் 190 டிகிரியில் நேரம் கூடினால் பருத்தி பழுப்பாகும். பாலியஸ்டருக்கு ஏற்றும் டிஸ்பெர்ஸ் சாயம் மோனோமருடனேயே வரும். நூலின் பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த டைட்டானியம் டையாக்சைடு சாதாரண வடிதாளைத் தாண்டிப் பாலாக இறங்கும். ஸ்ட்ரெட்ச் துணியில் உள்ள எலாஸ்டேன், கிளைக்காலில் தானும் உடைந்து அமீன்களைத் தந்து எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். கஷ்டங்கள் இங்கேதான் இருக்கின்றன. அதனால் ஆய்வும் இங்கேதான் இருக்க வேண்டும்.

அழுக்கும் சாயமும் உள்ள பாலியஸ்டருக்கு மெத்தனாலால் வெட்டும் மெத்தனாலிசிஸ் கூடுதலாக ஒத்துவருகிறது. அதில் கிடைக்கும் மூலப்பொருளான டைமெத்தில் டெரப்தாலேட்டை வடித்தெடுக்கலாம் என்பதால் அழுக்கு அடியில் தங்கிவிடும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் நிறுவனம் ஆண்டுக்கு 1,10,000 டன் என்ற அளவில் 2024-இல் ஓட்டத் தொடங்கிய ஆலை இந்த வழிதான். விலையாகக் கொடுப்பது அழுத்தம். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், 200 டிகிரிக்கு மேல் வினை நடத்த அழுத்தக் கலம் வேண்டும். கண்ணாடிக் குடுவையில் ஆகாது.

பாக்டீரியா செய்திக்கு வருவோம். ஜப்பானில் சாகாய் நகரின் பாட்டில் மறுசுழற்சி வளாகத்து மண்ணிலிருந்து பிரித்த இடியோனெல்லா சாகாயென்சிஸ் 2016-இல் அறிவிக்கப்பட்டது. பெட்டைத் தின்றது உண்மை. தின்றது படிகத்தன்மை 2 சதவீதம்கூட இல்லாத மெல்லிய படலத்தை, 30 டிகிரியில், ஆறு வாரத்தில். பாட்டிலில் படிகத்தன்மை அதைவிடப் பல மடங்கு. இறுக்கமாக அடுக்கிய சங்கிலிக்குள் நொதி நுழைய முடியாது. 2020-இல் பிரான்ஸின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் திருத்தியமைத்த நொதி பெரிய பாய்ச்சல். 72 டிகிரியில், லிட்டருக்கு 200 கிராம் பெட், 10 மணி நேரத்தில் 90 சதவீதம். ஆனால் அந்தப் பெட்டை முதலில் உருக்கி, சட்டென்று குளிர்வித்துப் படிகத்தை அழித்து, பொடியாக அரைத்திருந்தார்கள். அரைக்கும் மின்சாரம் கணக்கில் வர வேண்டும். இன்னொன்று, வெட்டப்படும் ஒவ்வோர் அலகும் அமிலத்தைத் தருவதால், அமிலத்தன்மை ஏறி நொதி நின்றுவிடாமல் இருக்கக் காரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காஸ்டிக் சோடா என்றால் கிலோ பெட்டுக்கு 416 கிராம். பிறகு பெட்டின் மூலப்பொருளான டெரப்தாலிக் அமிலத்தைத் திரும்ப இறக்கக் கந்தக அமிலம் 510 கிராம். முடிவில் 864 கிராம் டெரப்தாலிக் அமிலத்துடன் 739 கிராம் சோடியம் சல்பேட்டும் கையில் இருக்கும். அந்த உப்பை எங்கே வைப்பது என்பதற்கு நொதியில் பதில் இல்லை. காரத்தைச் சுழற்சியில் மீட்பது, அல்லது காரமே வேண்டாத வழி பார்ப்பது, இவைதான் இப்போது ஆராய வேண்டியவை. ‘பாக்டீரியா தின்கிறது’ என்ற தலைப்பில் இதெல்லாம் அடங்காதுதான்.

நைலான் பற்றிச் சுருக்கமாக. நம் கடற்கரையில் கழியும் செவுள் வலைகள் பெரும்பாலும் நைலான் 6. உருக்கி, சிறிது பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, மிகைச்சூட்டு நீராவியைச் செலுத்தினால் சங்கிலி பின்னோக்கி அவிழ்ந்து அதன் மூலப்பொருளான காப்ரோலாக்டம் ஆவியாக வெளியேறும். கண்டன்சரை 70 டிகிரிக்கு மேல் வைக்காவிட்டால் காப்ரோலாக்டம் அதற்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். வலையோடு வரும் கிளிஞ்சல் தூள் அமிலத்தைத் தின்றுவிடும். வலையைக் கடல்நீரில் அலசினால் போதாது, நல்ல தண்ணீரில் ஊறவைத்து உதற வேண்டும். இழுவை வலை பெரும்பாலும் பாலித்தீன், கயிறு பாலிபுரொப்பிலீன். அவை கலந்தால் காப்ரோலாக்டம் தராமல் கலத்தின் அடியில் கூழாகக் கிடக்கும். துறைமுகத்தில் வலையை வகை பிரித்துக் கட்டிவைக்கும் ஆளுக்குக் கூலி கொடுப்பது, எந்த வினையூக்கியையும்விட விளைச்சலை ஏற்றும்.

இனி, அதிகம் செய்தியாகும் டிரம். பாலித்தீன் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு லிட்டர் கலத்தில் நன்றாக நடந்தது 200 லிட்டர் டிரம்மில் நடக்காததற்கு இதுவே காரணம். கலத்தின் அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால், கொள்ளளவுக்கு ஏற்ற சுவர்ப் பரப்பு பாதியாகிவிடும். அடியில் தீ வைத்தால் சுவரை ஒட்டியது கருகிக் கரியாகப் படியும். கரி மேலும் வெப்பத்தைத் தடுக்கும். நடுவில் உருகிய கூழ் உடைய வேண்டிய சூட்டுக்கு வராமல் நிற்கும். ‘450 டிகிரியில் செய்தோம்’ என்றால் வெப்பமானியின் முனை எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். சுவரிலா, உருகலிலா, மேலே ஆவியிலா? மூன்றும் நூறு டிகிரி வித்தியாசம் காட்டக்கூடும். ஆலைகள் சுழலும் உலை, திருகு உலை, வாயு ஊதிக் கொதிப்பதுபோல் புரளும் மணல் படுகை என்று போவது இதனால்தான்.

கிடைப்பதும் போட்டதைப் பொறுத்தது. பால் பாக்கெட் போன்ற பாலித்தீன் மெழுகு கலந்த எண்ணெய் தரும், அது குளிர்ந்ததும் குழாயில் உறையும். பக்கெட், மூடி போன்ற பாலிபுரொப்பிலீன் கூடுதல் திரவமாக வரும். தெர்மாகோல் ஸ்டைரீன் மிகுந்த எண்ணெய் தரும், இரண்டாம் சாதியில் ஓரளவு மூலப்பொருளாகவே திரும்புவது அதுதான். பெட் இந்த உலைக்கு எதிரி. அதிலிருந்து டெரப்தாலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் ஆவியாகிக் கண்டன்சரில் வெள்ளைப் பொடியாகப் படிந்து வழியை அடைக்கும். வழி அடைபட்டால் உலையில் அழுத்தம் ஏறும். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பூ பாக்கெட் போன்ற பல அடுக்குப் பைகளில் பாலித்தீனுடன் பெட்டும் அலுமினியமும் ஒட்டியே இருப்பதால், ‘வேறு எதற்கும் ஆகாததை இதில் போடலாம்’ என்ற பேச்சு கொஞ்சம் இழுபறிதான்.

பிவிசி எல்லாவற்றையும்விடக் கெட்டது. அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். 100 கிலோ கழிவில் ஒரே ஒரு கிலோ பிவிசி நுழைந்தால் குளோரின் 570 கிராம், அதாவது பத்து லட்சத்தில் 5,700 பங்கு. முதலில் 300 முதல் 350 டிகிரியில் நிறுத்தி ஹைட்ரஜன் குளோரைடை வெளியேற்றி, சுண்ணாம்பில் பிடிக்கலாம். 95 சதவீதம் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 285 மிச்சம். கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவை உடைத்துப் பிளாஸ்டிக் மூலப்பொருள் எடுக்கும் ஆலைகள் எதிர்பார்ப்பது 10-க்கும் கீழே. ஹைட்ரஜன் குளோரைடு ஈரத்துடன் சேர்ந்து குளிரும் இடத்தில் எவர்சில்வர் குழாயையும் ஓட்டை போடும். நம் ஊர்க் குப்பையில் பிவிசி எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், பைப் துண்டு, ஒயர் உறை, ரெக்சின், சில செருப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஃப்ளெக்ஸ் பேனர். திருவிழா முடிந்து, தேர்தல் முடிந்து வரும் குப்பையை எடுத்து உலையில் போடுகிறவர் பாலியஸ்டர் நெசவின்மேல் பூசிய பிவிசியைத்தான் போடுகிறார். சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. தாமிரக் கம்பியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். காற்றோட்டமான இடத்தில், கடுகளவு துணுக்கில் செய்தால் போதும்.

இந்த எண்ணெயை பைக்கில் ஊற்றி ஓட்டிக் காட்டும் படமும் வரும். ஓடும். ஆனால் டீசல் என்று சொல்வதற்கு இந்தியத் தர விதிகள் இருக்கின்றன. தீப்பற்றுநிலை குறைந்தது 35 டிகிரி, எஞ்சினில் எவ்வளவு எளிதில் பற்றும் என்று காட்டும் சீட்டேன் எண் குறைந்தது 51, கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள். இப்படிக் காற்றில்லாமல் சூடாக்கி எடுத்து, வடித்துப் பிரிக்காத பைராலிசிஸ் எண்ணெயில் பெட்ரோல் போன்ற இலேசான பகுதியும் இருப்பதால் சாதாரண வெயிலிலேயே தீப்பற்றும் ஆவி கிளம்பும். இரட்டைப் பிணைப்பு மிகுந்திருப்பதால் சில வாரங்களில் பிசின் படிந்து இன்ஜெக்டரை அடைக்கும். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் 2019-இல் தொடங்கிய நாளுக்கு ஒரு டன் மாதிரி ஆலையில் ஒரு டன் கழிவுக்கு 800 லிட்டர் டீசல் என்று கணக்குச் சொன்னார்கள். அது எடையில் ஏறத்தாழ 650 கிலோ. எண்ணெயை டீசல் ஆக்க அதன்பின் தனிச் சுத்திகரிப்புப் படிகள் வேண்டும். டிரம்முக்கும் டீசலுக்கும் இடையில் உள்ள தூரம் அது.

எரித்துவிட்டால் அது மறுசுழற்சியும் ஆகாது. மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளே கழிவிலிருந்து எண்ணெய் எடுப்பதை, சிமென்ட் சூளை, சாலை போடுதல் ஆகியவற்றோடு சேர்த்து, மறுசுழற்சி செய்ய முடியாதவற்றுக்கான கடைசி வழியாகத்தான் வைத்திருக்கின்றன. மறுசுழற்சி என்று சொல்ல வேண்டுமானால் எண்ணெய் மறுபடி பிளாஸ்டிக் ஆக வேண்டும். ஒரு கணக்குக்காக 100 கிலோவில் 70 கிலோ எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். அதை நாப்தா உலையில் 800 டிகிரிக்கு மேல் உடைத்தால் எத்திலீனும் புரொப்பிலீனும் சேர்த்து ஏறக்குறைய பாதி. ஆக 35 கிலோ. மீதி எரிபொருளாகவும் பிற வேதிப்பொருளாகவும் போகிறது. அந்த 35-உம் தனியாக வருவதில்லை. இந்த எண்ணெயை அப்படியே போட்டால் உலைக் குழாயில் கரி கட்டும் என்பதால் புதிய நாப்தாவில் சிறு பங்காகக் கலந்துதான் விடுகிறார்கள். பிறகு எந்த மூலக்கூறு பழையது என்று சொல்ல முடியாது, கணக்குப் புத்தகத்தில்தான் பங்கு பிரிக்கிறார்கள். பால் சங்கத்தில் ஊர் மாட்டுப் பாலையெல்லாம் ஒரே டேங்கரில் ஊற்றிவிட்டு, இந்தப் பாக்கெட் முழுக்க என் மாட்டுப் பால் என்று எழுதி ஒட்டுவது போன்றது. எழுதலாம், ஆனால் எப்படிக் கணக்கிட்டோம் என்பதையும் பாக்கெட்டில் எழுத வேண்டும்.

ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. உலை, கண்டன்சர், பொறிக்கலம், இணைப்புக் குழாய் எல்லாவற்றையும் வினைக்கு முன்னும் பின்னும் தனித்தனியே எடை போடுங்கள். எண்ணெயையும் கரியையும் மட்டும் நிறுத்து, நூறிலிருந்து கழித்து, மீதி வாயு என்று எழுதுவது எல்லோரும் செய்வதுதான். அப்படிச் செய்தால் கசிந்தது, சிந்தியது, குழாயில் ஒட்டியது எல்லாம் வாயு ஆகிவிடும். வாயுவைப் பையில் பிடித்து அளந்து, கூட்டல் 95-க்கும் 105-க்கும் இடையில் வந்தால் அந்தச் சோதனையை நம்பலாம். வாயு நிறப்பிரிகைக் கருவி (கேஸ் குரோமட்டோகிராப்) தரும் பரப்புச் சதவீதம் எடைச் சதவீதம் அல்ல. நுண்துளைகள் கொண்ட ஜியோலைட் வினையூக்கி போட்டால் முதல் ஓட்டத்தின் முடிவை மட்டும் எழுதாதீர்கள். அதன் துளை அரை நானோமீட்டர் சொச்சம், பாலிமர் உள்ளே போகாது, வெளியே கரி மூடிக்கொள்ளும். 550 டிகிரி காற்றில் கரியை எரித்துவிட்டு, ஐந்தாவது ஓட்டத்தில் என்ன தந்தது என்று காட்டுங்கள். கடையில் வாங்கிய புதுக் குருணையோடு நிறுத்தாமல், ஊராட்சிக் கிடங்கிலிருந்து ஒரு மூட்டையும் எடுத்து வாருங்கள். அதன் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று முதல் அட்டவணையிலேயே இருக்கட்டும்.

பள்ளிக் கண்காட்சியில் இதைச் செய்து காட்டும் ஆசிரியர்களுக்கு அவசரமான ஒன்று. மூடிய டப்பாவில் பிளாஸ்டிக்கைப் போட்டு அடுப்பில் வைக்கும் சோதனை வேண்டவே வேண்டாம். தொடக்கத்தில் உள்ளே இருக்கும் காற்றை நைட்ரஜன் விட்டு வெளியேற்றாமல் சூடேற்றினால், எரியும் ஆவியும் ஆக்சிஜனும் ஒரே கலத்தில் இருக்கும். ஈரமான கவர் ஒன்று சூடான உருகலில் விழுந்தால், ஒரு லிட்டர் நீர் 1,700 லிட்டர் நீராவியாக ஒரே நொடியில் விரியும். வெளிவரும் குழாய் நேரே தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அடுப்பை அணைத்ததும் வெற்றிடம் உண்டாகி அந்தத் தண்ணீரையே உலை உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் ஒரு காலிக் குடுவை வைக்காததால் நேரும் விபத்து இது. அழுத்தம் தணிக்கும் வால்வு இல்லாத கலத்தை ஏற்றக் கூடாது. முடிந்ததும் கரியைப் பார்க்கும் ஆசையில் சூட்டோடு மூடியைத் திறந்தால், காற்றுப் பட்டதும் கரி தானே பற்றிக்கொள்ளலாம். முழுக்க ஆறும்வரை நைட்ரஜன் ஓட வேண்டும்.

உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படியொரு கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும்போது, எந்த வகைக் கழிவு, எத்தனை கிலோ, வந்தவை ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, எத்தனை யூனிட் மின்சாரம் என்ற நான்கு எண்களைச் செய்தியின் ஓரத்தில் சிறு கட்டமாகப் போடுங்கள். எண் தர முடியாதவர்களின் செய்தியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். பழுப்புத் திரவக் குடுவையைப் படம் எடுக்கும் உங்கள் புகைப்படக்காரர், உலையின் அடியில் கிடக்கும் கரியையும், கண்டன்சருக்குள் படிந்த வெள்ளைப் பொடியையும் அதே சட்டத்துக்குள் சேர்த்து எடுக்கட்டும்.

இங்ஙனம்,
பாலிமர் வேதியியல், வேதிப்பொறியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.